ஈற்றடி ஒன்று கொடுங்கள்

கிறிஸ்துமஸ் தமிழ்க் காலண்டரில் மார்கழி ஒன்பதாகவோ பத்தாகவோ விழும். மயிலாப்பூரில் ஒரு மைல் சுற்றளவுக்குள் இந்தச் சேர்க்கையைக் கண்ணால் பார்க்கலாம். சாந்தோம் பேராலயத்தில் நள்ளிரவுப் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பிக் கண்ணயர்வதற்குள், கபாலீசுவரர் கோயில் மாடவீதியில் திருவெம்பாவை தொடங்கிவிடும். பொழுது ஏறினால் சபாக்களில் கச்சேரி. மூன்று கூட்டமும் வேறு வேறு. ஆனால் மூன்று இடத்திலும் பாடப்படுகிற சாகித்தியத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஒரு விளையாட்டு கிடைக்கும்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விடும் நேரத்தில், சென்னைப் பள்ளிகள் சில பிள்ளைகளுக்குக் குறும்பான எழுத்துப் பயிற்சிகள் தருவதுண்டு. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுது, பனிமனிதன் பேசினால் என்ன சொல்வான் என்று கற்பனை செய் என்பது மாதிரி. டிசம்பரிலும் மின்விசிறியை நிறுத்தாத அடையாறு வீட்டில் உட்கார்ந்து பனிமனிதனைப் பற்றி எழுதுவதும் ஒருவிதக் கற்பனைதான், குற்றமில்லை. விளையாட்டாக எழுதிப் பழகும் முறையே வெளியூரிலிருந்து வந்தது என்று நினைப்பதில்தான் பிசகு இருக்கிறது. இந்த ஊரில் கவிதைப் பயிற்சி என்பதே பல நூற்றாண்டுகளாக விளையாட்டாகத்தான் நடந்திருக்கிறது. அந்த விளையாட்டுக்கு மதம் பார்க்கிற வழக்கமும் இருந்ததில்லை.

தொடக்கம் மார்கழியில். மாணிக்கவாசகரின் திருவாசகத்தைப் பக்தி நூலாகவே படித்துப் பழகியவர்கள், அதன் பதிகத் தலைப்புகளை மட்டும் ஒருமுறை வரிசையாகப் பார்க்க வேண்டும். திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல். அத்தனையும் பெண்பிள்ளைகளின் ஆட்டங்கள், அல்லது அவர்கள் கூடிச் செய்யும் வேலைகள். பந்து எறிவதும் பூக்கொய்வதும் ஊஞ்சலாடுவதும் சுண்ணம் இடிப்பதும் பாட்டின் அச்சாக மாறியிருக்கின்றன. சாழலில் இரண்டு பெண்கள். ஒருத்தி சிவனைக் கிண்டல் செய்து கேள்வி போடுவாள். மற்றவள் அந்தக் கிண்டலையே பெருமையாகத் திருப்பி அடிப்பாள். இன்றைய பட்டிமன்றத்தின் பாட்டி என்று சொல்லலாம், என்ன, சாழல் சுருக்கமாக முடிந்துவிடும். மார்கழி விடியலில் தோழியை எழுப்பி நீராட அழைக்கும் திருவெம்பாவையும் ஆண்டாளின் திருப்பாவையும் இதே குடும்பம்தான்.

மயிலாப்பூர்ப் பங்கும் இதில் சிறியதல்ல. இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணை முன்னிட்டு சம்பந்தர் இங்கே பாடிய பதிகத்தின் அமைப்பைப் பாருங்கள். மயிலையின் திருவிழா ஒன்றைச் சொல்வது, அதைக் காணாமலே போவாயோ என்று பூம்பாவையைக் கேட்பது. அடுத்த பாட்டில் அடுத்த விழா, அதே கேள்வி. ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊரின் ஆண்டு முழுவதும் அந்த ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடுகிறது. அடி மாறாத கேள்வி, மாறிக்கொண்டே இருக்கும் விவரம். எழுதக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இன்றும் முதல் வகுப்பில் கொடுக்கும் உத்தி இதுதான்.

இதே ஊரில் பிறந்தவர் பேயாழ்வார். அருண்டேல் தெருவில் அவருடைய அவதாரத் தலம் இருக்கிறது. பொய்கையார், பூதத்தார், பேயார் மூவரும் திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் வீட்டு இடைகழியில் மாட்டிக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவு இடம். அங்கே பிறந்ததாகச் சொல்லப்படுபவை மூன்று அந்தாதிகள், ஆளுக்கு நூறு வெண்பா. முன்பாட்டு முடிந்த சொல்லில் பின்பாட்டு தொடங்க வேண்டும். ரயிலில் பொழுது போகாத பிள்ளைகள் ஆடும் ‘அந்தாக்ஷரி’யின் கொள்ளுத் தாத்தா அந்த அந்தாதி.

கிறிஸ்தவம் தமிழுக்கு வந்தபோது இந்த விளையாட்டுப் பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டது. இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் சிலை வைக்கப்பட்டவர்களில் ஒருவர். அவர் பெயர் சொன்னால் தேம்பாவணி நினைவுக்கு வரும். 3,615 பாட்டு, சூசையப்பரே காவியத் தலைவர். ஆனால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் மேல் அவர் பாடிய திருக்காவலூர்க் கலம்பகம்தான் இங்கே நமக்கு வேண்டியது. கலம்பகம் என்பதே கலவைப் பிரபந்தம். அம்மானை, ஊசல், களி, மடக்கு என்று பதினெட்டு உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி விதி. கலம்பகத்து அம்மானையில் மூன்று பெண்கள் பந்து எறிந்து பிடிப்பார்கள். முதல் பெண் ஒரு செய்தி சொல்வாள். இரண்டாமவள் அதில் ஓட்டை கண்டுபிடிப்பாள். மூன்றாமவள் சிலேடையால் அடைப்பாள். சோமசுந்தரரையும் அரங்கநாதரையும் பாடிய அச்சில் ஓர் இத்தாலியர் மாதாவை வார்த்தார். அப்படி வார்ப்பதற்கு மொழியைப் படித்தால் மட்டும் போதாது, அதன் ஆட்ட விதிகளும் கைவர வேண்டும். பரமார்த்த குருவின் கதையை எழுதிய ஆளுக்கு அது கைவந்ததில் ஆச்சரியமில்லை.

கிறிஸ்துமஸுக்கு நேராக வருகிற ஆள் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சாவூரில் படித்தார். அதே குருவிடம் படித்த இன்னொரு மாணவர் இளவரசர் சரபோஜி. இருவருக்கும் குறவஞ்சிமேல் ஆசை இருந்தது. சரபோஜி மராத்தியில் தேவேந்திரக் குறவஞ்சி எழுதி, அதில் உலக பூகோளத்தை நுழைத்தார். சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார்.

குறவஞ்சி தமிழ் நாடக வகைகளில் மிகக் குறும்பானது. உலாப்போகும் தலைவனைக் கண்டு தலைவி மயங்குவாள். குறத்தி வந்து மலைவளம் சொல்லி, கூலி பேசி, கைபார்த்துக் குறி சொல்வாள். பிறகு அவளைத் தேடி அவள் புருஷன் சிங்கன் வருவான். பறவைக்குக் கண்ணி வைப்பான், கூட நூவன் என்று ஓர் எடுபிடி. குறத்தியான அந்தச் சிங்கியைக் கண்டதும் அவள் உடம்பில் புதிதாக ஏறியிருக்கும் நகை ஒவ்வொன்றையும் பாம்போ தவளையோ என்று சந்தேகத்தோடு கேட்பான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி மடக்குவாள். குற்றாலக் குறவஞ்சியில் இந்த இடத்துக்குச் சிரிக்காதவர் இல்லை.

சாஸ்திரியார் இந்த ஆட்டத்தின் காய்களை எல்லாம் பெயர் மாற்றி வைத்தார். உலாவருகிறவர் பெத்லகேமில் பிறந்த கிறிஸ்து. மையல் கொள்கிறவள் சீயோன் மகள், அதாவது திருச்சபை. குறி சொல்லும் குறத்தி விசுவாசம். பறவை பிடிக்கிற சிங்கன் ஆத்துமாக்களைப் பிடிக்கிற குருவாகவும், நூவன் உபதேசியாராகவும் ஆகிவிட்டார்கள். குறத்தி தன் நாட்டுவளம் பாடும் மரபுக்குள் பூகோளம் வந்தது. சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற புது வானசாஸ்திரமும் வந்தது. பாட்டின் நயத்தில் குற்றாலத்தோடு இதை நிறுத்த முடியாது. பாடம் நடத்தும் ஆசை சில இடங்களில் ஆட்டத்தைத் தடுக்கிறது. ஆனால் ‘தெரிந்த அச்சில் தெரியாத சரக்கை ஊற்று’ என்ற பயிற்சியை இவ்வளவு துணிச்சலோடு செய்து பார்த்தவர்கள் தமிழில் குறைவு. 1853இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்தபோது அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. பல்லவி, அனுபல்லவி, சரணம், மேலே ராகமும் தாளமும். டிசம்பரில் சென்னைத் தமிழ்ச் சபைகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளுக்கும், அதே வாரம் சபாவில் கேட்கும் கீர்த்தனைகளுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்.

குறவஞ்சி அடையாறுக்கும் வந்து சேர்ந்தது. ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் முதல் நாட்டிய நாடகம், 1944இல் மேடையேறிய குற்றாலக் குறவஞ்சி.

கட்டுப்பாட்டையே விளையாட்டாக்கும் இலக்கியம் என்றால் உலகம் இன்று பாரிஸைக் காட்டும். 1960இல் அங்கே ஊலிப்போ என்று ஒரு குழு சேர்ந்தது. அதன் உறுப்பினர் ழார்ஜ் பெரெக், பிரெஞ்சில் அதிகம் புழங்கும் ‘e’ எழுத்தே வராமல் 1969இல் முழு நாவல் எழுதிப் பெயர் வாங்கினார். பதினேழாம் நூற்றாண்டுச் சிவப்பிரகாசர், உதடு ஒட்டுகிற, குவிகிற எழுத்து எதுவும் வராமல் திருச்செந்தூர் முருகன்மேல் ஓர் அந்தாதி பாடினார். நிரோட்டகம் என்று அதற்குப் பெயர். முருகன் என்று ஒருமுறைகூடச் சொல்ல முடியாது. ‘மு’வுக்கு உதடு ஒட்டும். போதாததற்கு யமகமும் சேர்த்துக்கொண்டார், அதாவது அடிதோறும் அதே எழுத்துகள் வந்து பொருள் மட்டும் மாற வேண்டும். பெரெக்கைக் கொண்டாடுகிறவர்கள் இவரையும் ஒரு தரம் எட்டிப் பார்க்கலாம்.

இவை எல்லாம் புலவர்கள் தனியே உட்கார்ந்து செய்தது. நாலு பேர் கூடிய இடத்தில் ஆடிய ஆட்டம் ஈற்றடி.

ஒருவர் வெண்பாவின் கடைசி அடியைக் கொடுப்பார். மற்றவர் முதல் மூன்று அடியைக் கட்டி அதில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். வெண்பாவுக்கு விதிகள் கறார். முதல் மூன்றடிக்கு நாலு நாலு சீர், கடைசி அடிக்கு மூன்றே சீர். மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், விளத்துக்கும் காய்க்கும் பின் நேர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டுக்குள் அடங்க வேண்டும். ஈற்றடி முன்னமே முடிவாகிவிட்டதால் பாடுகிறவர் பின்னாலிருந்து முன்னால் யோசிக்க வேண்டும். கொடுக்கிறவரும் சும்மா கொடுப்பதில்லை. பொருளே வராத அடி, ஆபாசமாகத் தொனிக்கும் அடி, எதிராளியை இழிக்கும் அடி என்று தேடிப்பிடித்துக் கொடுப்பார்.

எட்டயபுரத்தில் பாரதியைச் சின்னப் பையன் என்று மட்டம் தட்டும் ஓர் ஈற்றடியை மூத்தவரான காந்திமதிநாதன் கொடுத்தார் என்றும், பாரதி தன் பெயரையே ‘பார் அதி’ என்று பிரித்து அந்த அடியை அவர் தலையிலேயே கட்டினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. சென்னையில் இந்த ஆட்டத்தின் உச்சம் 1907 மார்ச் 10. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் அன்று விக்டோரியா பொது மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். நூறு பேர் நூறு திசையிலிருந்து கவனத்தைக் கலைப்பார்கள். ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் முதுகில் கல் எறிவார், ஒருவர் ஈற்றடி தருவார். கல்லையும் மணியையும் எண்ணிக்கொண்டே வெண்பாவும் முடித்துத் தர வேண்டும். பாவலர் முஸ்லிம் என்பதால் ராமன் துருக்கனுக்குத் துணை என்று பொருள்படும் ஈற்றடி ஒன்றை ஓர் அவையில் அவருக்குக் கொடுத்து மாட்டிவிடப் பார்த்தார்களாம். அவர் ராமனின் தம்பியரை வரிசையாகச் சொல்லிவந்து, மூன்றாம் அடியின் கடைசியில் ‘சத்’ என்று நிறுத்தினார். கீழே இருந்த துருக்கன் அதோடு ஒட்டிச் சத்துருக்கன் ஆனான். வம்புக்குக் கொடுத்த அடி வணக்கமாக முடிந்தது.

தொடக்கத்தில் சொன்ன சபாக் கச்சேரி டிசம்பர் விடுமுறையோடு எப்படிச் சேர்ந்தது? அதற்குக் காரணம் கோர்ட்டும் ஆபீஸும். பிரிட்டிஷ் ஆட்சியில் கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் விடுப்பு. கூட்டம் போடுவதென்றால் அந்த வாரம்தான். 1882 முதல் அடையாறில் இருக்கும் பிரம்மஞான சபை ஆண்டு மாநாட்டை டிசம்பர் கடைசியில் நடத்திவந்தது. 1884 மாநாட்டுக்குப் பின் மயிலாப்பூரில் ரகுநாத ராவ் வீட்டில் பதினேழு பேர் கூடிப் பேசியதில்தான் காங்கிரஸ் கருக்கொண்டது என்று அன்னி பெசன்ட் எழுதியிருக்கிறார். காங்கிரஸும் கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் கூடியது. 1927 டிசம்பரில் அது சென்னையில் அன்சாரி தலைமையில் கூடியபோது பக்கத்திலேயே இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928 ஆகஸ்ட் 18இல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அதன் விழா டிசம்பருக்கு வந்து நிலைத்தது. மார்கழிக் கச்சேரி என்று இன்று நாம் ஆதிகாலப் பெருமையோடு சொல்வதற்கு நாள் குறித்துக் கொடுத்தது கிறிஸ்துமஸ் லீவு.

கச்சேரி இருந்தால் விமரிசனம் இருக்கும், விமரிசனம் இருந்தால் கிண்டல் இருக்கும். கல்கி ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுதிய ஆடல் பாடல் பகுதி தமிழ் உரைநடைக்கு ஒரு புது விளையாட்டைக் கற்றுக்கொடுத்தது. ராகத்தின் லட்சணம் தெரியாதவரும் அதைச் சிரித்துக்கொண்டே படித்தார்கள். விகடன் 1930களில் குறுக்கெழுத்துப் போட்டிகளும் நடத்தி, வாசகர்களைக் கட்டத்துக்குள் சொல் தேட வைத்தது.

இந்தப் பழைய ஆட்டத்தைப் புது வாசகருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் கி.வா. ஜகந்நாதன். உ.வே. சாமிநாதையரின் மாணவர். மயிலாப்பூரில் 1932இல் தொடங்கிய கலைமகளின் ஆசிரியராகப் பல பத்தாண்டுகள் இருந்தார். மேடையில் மட்டுமில்லாமல் சாப்பாட்டுப் பந்தியிலும் சிலேடை அவருக்கு வந்துகொண்டே இருக்கும். வழியில் நின்றுபோன காரைத் தள்ள நேர்ந்தபோது, தள்ளாத வயதில் தள்ள வைத்துவிட்டீர்களே என்றாராம். இலையில் பூரி விழுந்தால் பூரி ஜகந்நாதரை இழுக்காமல் விடமாட்டார். இந்தத் துணுக்குகளை இன்றும் மேற்கோள் காட்டிச் சிரிக்கிறவர்கள், அவர் எழுதிய ‘கவி பாடலாம்’ என்ற புத்தகத்தை மறந்துவிட்டார்கள். அசையும் சீரும் தளையும் எவருக்கும் பிடிபடும் என்ற நம்பிக்கையோடு எழுதிய பயிற்சிப் புத்தகம் அது. சிரிப்பை எடுத்துக்கொண்டு பாடத்தை விட்டது நம் தலைமுறையின் நஷ்டம்.

தி. நகரில் இதே ஆட்டம் சினிமாப் பாட்டாகிக் காசு கொழித்தது. ஹென்ஸ்மன் ரோடு இன்று கண்ணதாசன் சாலை. ஈற்றடிக்கு வெண்பா என்பது கண்ணதாசனிடம் மெட்டுக்குப் பாட்டு என்று மாறியது. இசையமைப்பாளர் சந்தத்தைக் கொடுப்பார், கவிஞர் சொல்லால் நிரப்புவார். 1962இல் ‘பலே பாண்டியா’வில் காய் காய் என்றே அடுக்கி ஒரு பாட்டு முழுவதும் சிலேடை நடத்தினார். 1976இல் ‘மூன்று முடிச்சு’வில் ஆழ்வார்களின் அந்தாதியை ஒரு படகுப் பாட்டுக்குள் உட்கார வைத்தார். கடைசிக் காலத்தில் அவர் எழுதியது ‘இயேசு காவியம்’. 1981 அக்டோபரில் அவர் மறைந்தபின் அது வெளிவந்தது. கண்ணனைப் பாடியவரிடம் கிறிஸ்துவின் பிறப்பை எழுதக் கேட்டதும், அவர் எழுதிக் கொடுத்ததும் இந்த ஊருக்கு இயல்பான விஷயங்கள்.

அதற்கப்புறம் எழுத்தாளர் சுஜாதா. ஓய்வுபெற்று மயிலாப்பூரில் குடியேறிய அவர் பத்திகளில் வெண்பாவையும் ஹைக்கூவையும் கம்ப்யூட்டரையும் ஒரே பக்கத்தில் பேசினார். எஞ்சினியரிங் படித்த பையன்கள் தளை தட்டாமல் எழுத முயன்றதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஈரோடு தமிழன்பன் ஆங்கில லிமரிக்கையும் ஜப்பானிய ஹைக்கூவையும் கலந்து ‘லிமரைக்கூ’ என்று ஒன்றைக் கட்டி 2002இல் தொகுப்பே போட்டார்.

லண்டனில் சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகைகளின் கிறிஸ்துமஸ் மலர்களுக்காக வில்கி காலின்ஸ், எலிசபெத் கேஸ்கல் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரே வீட்டுக்குள் ஆளுக்கு ஓர் அறையில் பேய்க்கதை சொல்லும் விளையாட்டை 1859இல் நடத்தினார். கூடி எழுதுவதில் ஒரு குதூகலம் உண்டு என்பது அங்கும் தெரிந்திருந்தது. நம்மிடம் அந்தக் குதூகலம் புலவர் அவையோடு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் வெண்பா இன்று அலகிட்டு வாய்பாடு எழுதி மதிப்பெண் வாங்கும் பாடம். பிணத்தை அறுத்து எலும்பின் பெயர் சொல்லும் பயிற்சியாக அதை ஆக்கிவிட்டோம். தமிழாசிரியர்கள் இந்த அரையாண்டு விடுமுறைக்கு ஒரே ஒரு வேலை கொடுத்துப் பார்க்கட்டும்: ஓர் ஈற்றடி.

தொடங்கி வைக்க இங்கேயே ஒன்று: ‘சாந்தோமில் கேட்கும் மணி’. தளை சரியாக இருக்கிறது. மலர் வாய்பாட்டில் முடிகிறது. மூன்றாம் அடிக்கு ஏந்தி, நீந்தி, மாந்தர் என்று எதுகை தாராளமாகக் கிடைக்கும். அதன் கடைசிச் சீர் மட்டும் விளமாகவோ காயாகவோ இருக்கட்டும். மணி என்பது கோயில் மணியாகலாம், நேரமாகலாம், ரத்தினமாகலாம். கேக் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கும் மணி என்ற பையனாகவும் ஆகலாம். முதல் மூன்றடி உங்களுடையது.